இன்னும் பதினாறு மணிக்கூறு

ஜெபமணிக்கு ஒரு பிடிவாதம் உண்டு. வீட்டு ஆண் கரையை விட்டுப் போனால், அவன் மறுபடி நிலத்தில் கால் வைக்கும்வரை பச்சைத் தண்ணீர் பல்லில் படவிடமாட்டாள். புருஷன் ஏசுஅடிமை மணவாளக்குறிச்சிக் கடலில் வள்ளம் தள்ளிய முப்பது வருடமும் இதே கதைதான். அவர் போய்ச் சேர்ந்த பிறகு, மகன் சிஜோ மஸ்கட்டுக்குப் பறக்கத் தொடங்கியதும் நோன்பு விமானத்துக்கு மாறிவிட்டது. மஸ்கட் என்றால் நான்கு மணி நேரம், பாதகமில்லை.

இந்த முறை சிஜோ அமெரிக்காவுக்கு, ஹூஸ்டனில் எண்ணெய்க் கம்பெனி வேலைக்குப் போகிறான். அம்மாவிடம் பயண நேரத்தை உண்மையாகச் சொல்வானா, கெட்டிக்காரன்! "அதே நாலு மணிக்கூறுதான் அம்மை" என்று அளந்துவிட்டு, விடியும் முன் திருவனந்தபுரத்தில் விமானம் ஏறிவிட்டான்.

காலை ஒன்பது மணிக்கு அவன் மனைவி பிரிஜாவின் போனில் செய்தி வந்தது. 'தோகாவுல எறங்கியாச்சு. அடுத்த விமானம் நம்ம நேரத்துக்குப் பன்னெண்டு மணி. அம்மைகிட்ட அமெரிக்கா போய்ச் சேந்தாச்சுன்னு சொல்லு.'

விமானம் மாறும் தோகாவிலிருந்து ஹூஸ்டனுக்குச் சுமார் பதின்மூவாயிரம் கிலோமீட்டர், பதினாறு மணி நேரம். மாமியாரோ சர்க்கரைக்காரி, நேற்று ராத்திரி எட்டு மணிக்குச் சாப்பிட்டதோடு சரி. இதற்கு மேல் தாங்கமாட்டாள். பிரிஜா கஞ்சிக் கிண்ணத்தை மாமியின் முன்னால் கொண்டுவந்து வைத்தாள்.

"மாமி, அவிய எறங்கியாச்சு. கஞ்சியக் குடியுங்க."

ஜெபமணி நெற்றியில் சிலுவை வரைந்துவிட்டுக் கிண்ணத்தை எடுத்தாள். "அங்க இப்ப மணி என்ன மக்கா?"

பிரிஜா அவசரத்தில் தோகா நேரத்தைச் சொல்லித் தொலைத்தாள். "காலத்த ஆறரை."

கிண்ணம் கீழே வந்தது. "கள்ளம் பறையாத ஏட்டி. நமக்குப் பகல்னா அங்க ராத்திரின்னு அவன்தானே பறஞ்சான்?"

பிடிபட்ட பிறகு என்ன செய்ய? பிரிஜா உள்ளதைச் சொன்னாள்.

"பாவிப் பய! நடுவழியில எறங்குனா கணக்காவாது, அவன் அமெரிக்காவுல எறங்கட்டு. நாளைக்குக் காலத்த குடிக்கேன்."

"நாளைக்கு உங்கள ஆசுபத்திரியிலதான் பாக்கணும்! அவியளுக்கு நான் என்ன பதில் சொல்ல?" பிரிஜா அழுதேவிட்டாள். மாமி கிண்ணத்தைத் தள்ளிவைத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு பிரிஜா சொன்னாள்: "இதுவரை நீங்க நோன்பு இருந்தாச்சு. இனி உள்ள நேரம் நான் இருக்கேன்."

"நீயா? இதக் கேலி பண்ணுகவளாச்சே நீ!"

"இப்பமும் எனக்கு நம்பிக்கை இல்ல. நம்பிக்கை உங்களுக்கு, பசி எனக்கு. பங்கு வச்சுக்கிடுவோம்."

ஜெபமணி கிண்ணத்தை மறுபடி எடுத்தாள். "அவனக் கெட்டுனவளுக்கும் பங்கு உண்டுதான்" என்று சொல்லிவிட்டு மடமடவென்று குடித்தாள்.

பிரிஜாவுக்கு அது மாமியைக் குடிக்கவைக்கச் சொன்ன பேச்சு, அவ்வளவுதான். மதியம் மாமி உறங்கியதும் பிரிஜா அடுக்களையில் சோறு போட்டு மீன்குழம்பு ஊற்றினாள். யார் பார்க்கப்போகிறார்கள்? போனில் குட்டி விமானப் படம் தோகாவை விட்டுக் கிளம்பிக் கடலுக்கு மேல் நகர்ந்துகொண்டிருந்தது. பிசைந்த உருண்டையை வாய்வரை கொண்டுபோனாள். உள்ளே போகவில்லை. தட்டை மூடிவைத்துக் கையைக் கழுவிவிட்டு, மாமியின் பக்கத்தில் போய்ப் படுத்துக்கொண்டாள்.