ஏழாவது இணைப்பு

மூத்தார் அந்தக் காகிதக் கட்டை ஜெராக்ஸ் மேஜைமேல் பொத்தென்று போட்டபோது அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. செருப்புச் சத்தத்திலேயே தெரிந்துவிட்டது, இறந்துபோன கணவனின் அண்ணன்தான். கோர்ட் வாசலில் ஆறு ஜெராக்ஸ் கடை இருக்க, அவள் வேலை பார்க்கும் கடையாகத் தேடி வந்திருக்கிறார் என்றால் காரணம் ஒன்றுதான். அவள் குடியைக் கெடுக்கும் காகிதத்துக்கு அவளையே நகல் எடுக்க வைக்க வேண்டும்.

“நாலு செட் போடு. பக்கத்துக்குப் பக்கம் தெளிவா விழணும். ஜட்ஜ் படிக்கணும் இல்ல?”

“விழும் மாமா.”

“பொண்ணு எப்படி இருக்கா? இனிமே நல்லா இருப்பா, கவலைப்படாதே.” சிரித்துக்கொண்டே எதிர்க்கடைக்கு டீ குடிக்கப் போனார்.

அவள் முதல் பக்கத்தை எடுத்துப் படித்தாள். மூன்று மாதம் முன்பு அவளுடைய அண்ணன் இறந்துபோனான். பிள்ளையில்லாதவன். தன் மாடிக் கட்டடத்தைத் தங்கை மகளுக்கு, அதாவது இவள் பெண்ணுக்கு, உயில் எழுதி வைத்திருந்தான். பெண்ணுக்கு வயது ஒன்பது. ஜெராக்ஸ் கடையில் நிற்கும் தாய்க்குச் சொத்தும் தெரியாது, பிள்ளை வளர்க்கவும் தெரியாது, ஆகவே பெரியப்பாவாகிய என்னையே காப்பாளராக நியமித்து, குழந்தையை என் வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்று மனு. இத்தனை வருஷத்தில் ஒருநாள்கூட அந்தக் குழந்தையை வந்து பார்க்காத பெரியப்பா!

எட்டு வருஷத்துக்கு முன் கணவன் கண்ணை மூடி ஒரு மாதம் ஆவதற்குள், அவன் கட்டிய வீட்டிலிருந்து இவளையும் கைக்குழந்தையையும் தெருவில் நிறுத்தியவரும் இவர்தான். “பேப்பர்லாம் சரியா இருக்கு” என்றார். என்ன பேப்பர் என்று கேட்டு அவள் ஏறாத ஆபீஸ் இல்லை. “ஃபைல்ல உங்க பேரே இல்லையேம்மா” என்று எல்லா மேஜையிலும் ஒரே பதில். அன்றிலிருந்து கறுவிக்கொண்டிருந்தாள். கோர்ட் வாசல் வேலையைத் தேடிப் பிடித்ததே அந்தப் பேப்பர் என்றைக்காவது கண்ணில் படும் என்றுதான்.

மூத்தார் ஓய்வுபெற்ற தலைமை எழுத்தர். வக்கீல் வைத்துக்கொள்வது அவருக்குக் கௌரவக் குறைச்சல். கேட்டதற்கு ஒன்று, கேட்காததற்கு நாலு என்று இணைப்பு வைத்தே நாற்பது வருஷம் ஓட்டியவர். ஒரு காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க மாட்டார், முத்திரை இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்.

ஏழாவது இணைப்பு, ‘மனுதாரர் குழந்தையின் தந்தைக்கு உடன்பிறந்தவர் என்பதற்கான ஆதாரம்’. மங்கிப்போன பழைய தாள். மிஷினில் வைத்து எடுத்தாள். வெளியே வந்ததைப் படித்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

வீட்டைத் தன் பேருக்கு மாற்ற அவர் அன்று சத்தியம் செய்து கொடுத்த பத்திரம் அது.

கத்த வேண்டும்போல் இருந்தது. ஓடிப்போய் அவர் மூஞ்சியில் அந்தத் தாளை விசிறியடிக்க வேண்டும்போல் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள். நகல் வெளிறி விழுந்திருந்தது. அதைக் கிழித்துப் போட்டுவிட்டு, கறுப்பைக் கூட்டும் பொத்தானை மூன்று தடவை அழுத்தி, நாலு செட்டும் புதிதாக எடுத்தாள். கையெழுத்து மை ஊறியதுபோல் விழுந்தது. அவர் திரும்பி வந்ததும் நூல் கட்டி, இரண்டு கையாலும் பணிவாகக் கொடுத்தாள்.

இருபத்தாறு நாள் வாயைத் திறக்கவில்லை. முன்கூட்டித் தெரிந்தால் மனிதர் மனுவை வாபஸ் வாங்கித் தப்பிவிடுவார். அவள் நெஞ்சு குளிர வேண்டுமென்றால் அவர் நீதிபதி முன்னால் நிற்க வேண்டும்.

நின்றார். அரைமணி நேரம் தம்பி பாசத்தைப் பொழிந்தார். நீதிபதி அம்மா இவள் பக்கம் திரும்பி, “நீங்க என்ன சொல்றீங்க?” என்றார்.

“ஏழாவது இணைப்பை மட்டும் அவரையே சத்தமா படிக்கச் சொல்லுங்கம்மா.”

மூத்தார் ஏளனமாக அவளைப் பார்த்துவிட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு கணீரென்று ஆரம்பித்தார். “இறந்துபோன என் தம்பி திருமணம் ஆகாதவர். அவருக்கு மனைவியோ பிள்ளைகளோ கிடையாது. உடன்பிறந்த நான் ஒருவனே...” படிப்பதை நிறுத்திவிட்டு, தாளின் அடியில் இருந்த கையெழுத்தைப் பார்த்தார்.

“தெளிவா விழுந்திருக்கு இல்ல மாமா?” என்றாள் அவள்.

நீதிபதி தாளை வாங்கிப் படித்தார். அவள் நீட்டிய திருமணப் பதிவுச் சான்றையும் குழந்தையின் பிறப்புச் சான்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். “கையெழுத்து உங்களுதுதானே? இது உண்மைன்னா இந்தக் குழந்தை உங்களுக்கு யாருமே இல்ல. குழந்தை உங்க தம்பி மகள்னா, நீங்க செஞ்சது பொய்ச் சத்தியம். எது உண்மை?”

மனு தள்ளுபடியானது. பொய்ச் சத்தியத்துக்கு ஏன் வழக்குப் போடக் கூடாது என்று பதினைந்து நாளில் எழுத்து மூலம் சொல்லச் சொன்னார்கள். வீட்டை மீட்கத் தனி வழக்குப் போடலாம் என்று இவளுக்கு வழியும் காட்டினார்கள்.

வராந்தாவில் அவர் ஓடிவந்து வழிமறித்தார். நாற்பது வருஷ மிடுக்கு போன இடம் தெரியவில்லை.

“அம்மா, இந்த வயசுல என்னை ஜெயிலுக்கு அனுப்பிடாதே. வீட்டை எழுதித் தந்துடறேன். நீ எங்க வீட்டு மருமகள் இல்லியா? என் தம்பி பொண்டாட்டி இல்லியா?”

அவள் குரலை உயர்த்தவில்லை.

“உங்க தம்பிக்குத்தான் கல்யாணமே ஆகலையே. நீங்க யார்கிட்ட பேசிட்டிருக்கீங்க?”