நீல மீசை மேனேஜர்

லிஃப்டுக்குள் கண்ணாடிக்கு மேல் ஒட்டியிருந்த அறிவிப்பை முதலில் படித்தவர் என் கணவர். படித்துவிட்டு என்னிடம் சொல்லவில்லை. கெட்ட செய்தி என்றால் அது தானாக நடந்து வந்து என்னிடம் சேரட்டும் என்று விட்டுவிடுவது அவர் வழக்கம்.

மாலையில் லேபிலிருந்து திரும்பும்போது நானே பார்த்தேன். நாள் முழுக்க ஊரார் ரத்தத்தைச் சோதித்துவிட்டு வந்தவளுக்குத் தன் ரத்தம் கொதிப்பது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

‘மூன்றாவது மாடிப் படுக்கையறைக் கூரையில் நீர் கசிவதால், நான்காவது மாடி வீட்டார் தங்கள் திறந்த தளத்திலுள்ள செடிகள் அனைத்தையும், அங்கே கட்டப்படாமல் திரியும் நாயையும் வரும் ஞாயிற்றுக்கிழமைக்குள் அப்புறப்படுத்த வேண்டும். அன்று காலை வீட்டுக்காரர்கள் கூட்டம் நடக்கும். இப்படிக்கு, குடியிருப்புச் சங்கச் செயலாளர்.’

செடிகளைச் சொன்னால்கூடப் புரிகிறது, தண்ணீர் ஊற்றுகிறேன். கூரை கசிவதற்கும் நாய்க்கும் என்ன சம்பந்தம்? பையைக்கூட வீட்டில் வைக்காமல் முதல் மாடிக்குப் போய்ச் செயலாளர் வீட்டு அழைப்பு மணியை அழுத்தினேன். இன்சூரன்ஸ் கம்பெனியில் இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் மறுப்பதற்கு முப்பத்தைந்து வருடப் பயிற்சி.

“நாய் ஒண்ணுக்குப் போகுதில்லம்மா?” என்றார்.

“போகும் சார். தினமும் ரெண்டு வேளை கீழ கூட்டிட்டுப் போறேன். நீங்கதான் பால்கனியில நின்னு எண்ணிட்டு இருக்கீங்களே.”

“இதெல்லாம் தனி வீட்டுல இருக்கறவங்க வெச்சுக்கலாம். நாலு பேர் சேர்ந்து இருக்கற இடத்துல அனுசரிச்சுப் போகணும்.”

“அந்த நாலு பேர்ல நானும் ஒருத்திதானே சார்? என்னை யார் அனுசரிக்கிறது?”

கதவு மெதுவாகச் சாத்தப்பட்டது. அறைந்து சாத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் திருப்தியாக இருந்திருக்கும்.

எங்கள் வீட்டின் பின்கதவைத் திறந்தால் பதினெட்டு அடிக்குப் பன்னிரண்டு அடியில் ஒரு திறந்த தளம். இந்த வீட்டை வாங்கச் சொல்லி நான் அடம்பிடித்ததே அதற்காகத்தான். பழைய பெயின்ட் வாளிகளில் தக்காளி, உடைந்த கைகழுவும் தொட்டியில் புதினா, இவருடைய காரில் தேய்ந்துபோன டயர்களில் கத்தரி. மூலையில் இரண்டு செங்கல் மேல் பெரிய நீல டிரம், அதிலிருந்து கம்பியைப் பிடித்து ஏறும் அவரைக்கொடி. இவை எல்லாவற்றுக்கும் நடுவில், வெயில் எங்கே விழுகிறதோ அங்கே மேனேஜர்.

மேனேஜர் எங்கள் நாய். உடம்பெல்லாம் வெள்ளை, ஒரு காது மட்டும் பழுப்பு. என் கணவர் டிரைவிங் ஸ்கூலில் சொல்லிக்கொடுக்கிறார். ஐந்து வருடம் முன்பு ஓர் அம்மாள் வண்டியைப் பின்னால் எடுக்கப் பழகும்போது, இந்த நாய் சரியாகச் சக்கரத்துக்குப் பின்னால் உட்கார்ந்திருந்திருக்கிறது. ஹாரன் அடித்தும் நகரவில்லை. சொல்லிக்கொடுப்பவர் காலடியில் தனியாக ஒரு பிரேக் இருக்குமே, அதை இவர் மிதித்ததால் பிழைத்தது. வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

“எல்லாரும் வேலை செய்யறதை உட்கார்ந்து பார்த்துட்டே இருக்கு. தான் ஒரு இன்ச் நகர மாட்டேங்குது” என்றார்.

“அப்ப மேனேஜர்தான்” என்றேன். பெயர் நிலைத்துவிட்டது.

நான் மண் கிளறினால் பக்கத்தில் உட்கார்ந்து மேற்பார்வை பார்க்கும். ஞாயிறுதோறும் அதற்குத் தலைமுதல் வால்வரை சீவிவிட்டு, உதிர்ந்த முடியைத் தக்காளிச் செடிகளின் அடியில் பரப்பிவிடுவேன். நாய் வாடைக்கு அணில் வராது. இது என் சொந்தக் கண்டுபிடிப்பு என்று லேபில் எல்லோரிடமும் பீற்றிக்கொண்டதும் உண்டு.

வியாழக்கிழமை என் நாத்தனார் போன் செய்தார்.

“ஞாயித்துக்கிழமை எத்தனை மணிக்கும்மா நாயைக் கொண்டு வர்றீங்க?”

“எந்த நாயை அண்ணி?”

“நல்லாக் கேட்ட போ. உங்ககிட்ட எத்தனை நாய் இருக்கு? தம்பிதான் சொன்னான். சங்கிலிகூட வாங்கி வெச்சுட்டேன். நல்ல கனமான சங்கிலி, அறுக்கவே முடியாது.”

அன்று மாலை என் கணவர் வீட்டுக்கு வந்ததும் நான் காபி தரவில்லை. இது எங்கள் வீட்டில் போர் அறிவிப்பு.

“சண்டை வேண்டாம்னுதான்...” என்று ஆரம்பித்தார்.

“உங்க வண்டியில ஓட்டறவங்களுக்கு ஒரு பிரேக், உங்களுக்கு ஒரு பிரேக். அந்தப் பழக்கத்துல வீட்லயும் எனக்குப் பிரேக் போட்டுட்டே இருக்கீங்க.”

“மேனேஜர் உயிரோட இருக்கறதே அந்தப் பிரேக்காலதான்.”

“அதையேதான் நானும் சொல்றேன். அன்னிக்கு நிறுத்தினீங்க. இன்னிக்கு நீங்களே ரிவர்ஸ் எடுக்கறீங்க.”

மேனேஜர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, எந்தப் பக்கமும் சேராமல் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

“தண்ணி நம்ம செடியிலேருந்து போகலை. அதை நான் நிரூபிக்கிறேன்” என்றேன்.

“போயிருந்தா?”

“போகலை.”

சனிக்கிழமை விடுப்பு எடுத்தேன். லேபில் சாயத்துக்குப் பஞ்சமில்லை, ஆனால் நாயும் காய்கறியும் இருக்கும் இடத்தில் அதையெல்லாம் கொட்டமாட்டேன். பேக்கரிக்காரரிடம் கேக் மேல் பூசும் நீலப் பொடி வாங்கினேன். கீழே மூன்றாவது மாடி டீச்சர் தனியாக இருப்பவர். அவர் படுக்கையறையில், சொட்டும் இடத்துக்கு நேர் கீழே ஒரு வெள்ளை பேசினை வைத்தேன்.

“கட்டிலை நாலு திசைக்கும் நகர்த்திப் பார்த்துட்டேன். இனி வாசலுக்கு வெளியதான் போடணும்” என்றார் டீச்சர். மூன்று மாதத் தூக்கம் அவர் கண்ணுக்குக் கீழே கறுத்துக் கிடந்தது.

“நீலமா சொட்டினா தப்பு என்னோடது டீச்சர். வெள்ளையா சொட்டினா அந்தச் செயலாளரை நான் சும்மா விடமாட்டேன்.”

“பரீட்சையை நீயே வெச்சு நீயே திருத்தற. நடத்து.”

பன்னிரண்டு வாளி நீலத் தண்ணீர். எல்லாச் செடிக்கும் ஊற்றி, தளத்தையும் கழுவிவிட்டேன். மேனேஜர் மேற்பார்வையோடு நிற்காமல் ஒரு வாளிக்குள் வாயை விட்டது. நிமிர்ந்தபோது நீல மீசை. தேங்கிய தண்ணீரில் நடந்ததில் நான்கு காலிலும் நீல சாக்ஸ். அந்தக் கோலத்தைப் பார்த்து நான் தனியாக நின்று சிரித்தேன். அவ்வளவு நம்பிக்கை எனக்கு.

மூன்று மணி நேரம் கழித்து டீச்சர் போன் செய்தார்.

“நீலம்மா” என்றார். “நல்ல நீலம்.”

கவிழ்த்துப் போட்ட பெயின்ட் வாளி மேல் உட்கார்ந்துவிட்டேன். இத்தனை நாள் போட்ட சத்தமெல்லாம் காதுக்குள் திரும்பி வந்தது. ஏதாவது சாக்கு சொல்லலாமா என்றுகூட ஒரு நிமிடம் யோசித்தேன். ஆனால் பிடிக்காத ரிசல்ட் வந்தால் கிழித்துப் போடுவது என் தொழிலில் இல்லை. ஏன் வந்தது என்று பார்க்க வேண்டும்.

ஊற்றிய தண்ணீர் மூலையிலுள்ள வடிகால் துளை வழியாக இறங்கிப் போயிருக்க வேண்டும். போகவில்லை. அவரை டிரம்முக்கு அடியில் நீலக் குளமாக நின்றது. தரையில் மண்டியிட்டு, செங்கல் இடுக்கில் முழங்கை வரை கையை விட்டேன். மெத்தென்று ஏதோ பட்டது. பிடித்து இழுத்தேன். கயிறுபோல் வந்துகொண்டே இருந்தது. முடி. காய்ந்த இலையும் மண்ணும் சேர்ந்து திரண்டுபோன, மேனேஜரின் முடி. ஞாயிறுதோறும் நான் என் கையாலேயே பரப்பியது. ஒவ்வொரு தடவை தண்ணீர் ஊற்றும்போதும் கொஞ்சம் கொஞ்சமாக அடித்துக்கொண்டு போய்த் துளையை அடைத்திருக்கிறது.

அந்த நேரம் பார்த்துத்தான் இவர் வகுப்பு முடிந்து வந்தார். முழங்கை வரை நீலமான மனைவி, மீசை வைத்த நாய்.

“என்ன அது?”

“என் புத்திசாலித்தனம்.”

அவர் சிரிக்கவில்லை. சட்டைக் கையை மடித்துவிட்டுக் கொண்டு பக்கத்தில் குந்தினார். இருவரும் சேர்ந்து இழுத்தோம். கடைசிக் கொத்து வந்ததும் களக் களக் என்று சத்தம் போட்டுக்கொண்டு அந்தக் குளம் முழுக்க வடிந்து போனது.

“அப்ப நாளைக்குக் கூட்டத்துல ஒத்துக்கிட்டு...” என்று இழுத்தார்.

“ஒத்துக்குவேன். கசிவு என்னோடது. அதுக்காக மேனேஜரைக் குடுக்க மாட்டேன், ஒரு செடியைக்கூடத் தர மாட்டேன். தப்புப் பண்ணது நான். வேணும்னா நான் போய் உங்க அக்கா வீட்டுச் சங்கிலியில உட்கார்றேன்.”

“கனமான சங்கிலியாம். உனக்குத் தாங்காது.”

சொல்லிவிட்டு, ஈரக் கையோடு போனை எடுத்தார். எனக்கு முன்னாலேயே பேசினார்.

“அக்கா, நாய் வரலை... இல்ல, அவ சொல்லலை. நான்தான் சொல்றேன்... சங்கிலியை என்ன பண்றதுன்னு அப்புறம் யோசிக்கலாம்.”

அவருக்குக் காபி போட உள்ளே போனேன். கண்ணைத் துடைத்ததில் கன்னமெல்லாம் நீலமானது அப்புறம் கண்ணாடியில் பார்த்தபோதுதான் தெரிந்தது.

ஞாயிறு காலை கார் நிறுத்துமிடத்தில் கூட்டம். பதினான்கு வீட்டுக்காரர்கள், பிளாஸ்டிக் நாற்காலிகள். லேபில் மாதிரி எடுக்கும் பெரிய பாட்டில் ஒன்றைச் செயலாளர் மேசைமேல் வைத்தேன். லேபிள் ஒட்டியிருந்தேன்: ‘நாய் முடி, இலை, மண். எடுத்த இடம்: வடிகால்.’

“கசிவுக்குக் காரணம் நான்தான்” என்றேன். “நேத்தே துளையைச் சுத்தம் பண்ணியாச்சு. வலை போட்டு மூடறேன், தளத்துக்குப் பூச்சு பூசறேன், டீச்சர் கூரைக்குப் பெயின்ட் அடிச்சுத் தரேன். இனி முடி குப்பைத்தொட்டிக்குத்தான் போகும்.”

செயலாளர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். “ஆக, அம்மாவே ஒத்துக்கிட்டாங்க. நாயும் செடியும் என்னைக்குக் காலி ஆகுது?”

“ஆகாது சார்.”

“கூட்டம் முடிவு பண்ணினா?”

“பண்ணினாலும் ஆகாது. அடைச்ச துளையைத் திறந்தாச்சு. அதுக்கு மேல ஒரு நாயை எதுக்குத் துரத்தணும்?”

முணுமுணுப்பு எழுந்தது. அதற்கு நடுவில் என் கணவர் எழுந்தார். ஒன்பது வருடமாக எல்லாக் கூட்டத்திலும் கடைசி வரிசையில் உட்கார்ந்து கையெழுத்து மட்டும் போட்டவர்.

“எனக்குச் சத்தமாப் பேசிப் பழக்கமில்லை. வண்டிக்குள்ள கத்தினா கத்துக்கறவங்க பயந்துடுவாங்க” என்றார். “நாயை அனுப்பறதா இருந்தவன் நான்தான். தப்பு. அது எங்க வீட்லதான் இருக்கும். கோர்ட்டுக்குப் போறதுன்னா போங்க சார், நானே வண்டி ஓட்டிக் கூட்டிட்டுப் போறேன்.”

யாரோ சிரித்தார்கள். செயலாளர் டீச்சர் பக்கம் திரும்பினார். “பாதிக்கப்பட்டவங்க நீங்க. சொல்லுங்க டீச்சர்.”

டீச்சர் என்னை முறைத்தார். “மூணு மாசம் தூங்கலை. இவளை நான் இப்போதைக்கு மன்னிக்கிறதா இல்லை. பெயின்ட் அடிச்சு முடிக்கற வரைக்கும் பேசவும் மாட்டேன்.” மூச்சு வாங்கிக்கொண்டார். “ஆனா, சொட்டறதுக்கு ஒரு வழி பண்ணுங்கன்னுதான் நான் எழுதிக் குடுத்தேன். நாயைப் பத்தி ஒரு வார்த்தை எழுதலையே சார். அதை யார் சேர்த்தது?”

செயலாளர் பேப்பரை மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்தார். வெளியேற்ற வேண்டும் என்பவர்களைக் கை தூக்கச் சொன்னபோது, அவர் கையோடு சேர்த்து மூன்று கைதான் உயர்ந்தது.

அண்ணி கோபத்தோடு சங்கிலியை எங்கள் வீட்டுக்கே அனுப்பிவிட்டார். உண்மையிலேயே நல்ல கனம். இரண்டு கம்பங்களுக்கு நடுவே கட்டி அதன்மேல் பூசணிக்கொடியை ஏற்றிவிட்டிருக்கிறேன்.

அடுத்த வாரமே லிஃப்டில் புது அறிவிப்பு: ‘சாயம் பூசிய விலங்குகளை லிஃப்டில் ஏற்றக் கூடாது.’ இந்த முறை இவர் படித்த உடனே என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். மேனேஜரின் நீலம் முழுசாகப் போக இன்னும் மூன்று வாரமாவது ஆகும்.

“படிக்கட்டுல போலாமா?” என்று கேட்டேன், வேண்டுமென்றே.

அவர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். “மேனேஜர், முதல்ல நீங்க ஏறுங்க” என்றார்.