வழிந்ததும் மழைதான்

எண்பத்து நாலாம் ஆண்டு மார்கழி. வடக்கில் இடைக்கிடை சிறு மழை பெய்யும் என்று வானொலி சொல்லிய இரவில் வானம் பிய்த்துக்கொண்டு கொட்டியது. விடிந்தபின்தான் ஓய்ந்தது. சாவகச்சேரிக்குக் கிழக்கே இருந்த விதைப்பண்ணையின் காவற்காரர் கந்தப்பு, வெள்ளத்தை உழக்கிக்கொண்டு மேட்டில் நின்ற மழைமானியடிக்குப் போனார்.

பதினெட்டு வருடமாகக் காலை எட்டரைக்கு அவர் செய்கிற வேலை அது. மானியின் உள்போத்தலில் சேர்ந்த தண்ணீரைக் கோடு போட்ட கண்ணாடிக் குழாயில் ஊற்றி அளக்கவேண்டும். அன்று போத்தல் நிரம்பி வழிந்து, அதைச் சுற்றியிருந்த தகரப் பேணிக்குள்ளும் தண்ணீர் தளும்பியது.

இருபத்தைந்து மில்லிமீற்றர் கொள்ளும் குழாய் பதினொரு தரம் நிறைந்தது. பிறகு எட்டுக் கோடு. அளந்த தண்ணீரைக் குடத்தில் ஊற்றிக்கொண்டு கந்தோருக்குப் போனார்.

பண்ணைப் பொறுப்பாளர் சோமசேகரம் பதிவுக் கொப்பியை விரித்து வைத்திருந்தார்.

"நூறெண்டு போடுவம், கந்தப்பண்ணை."

"இருநூற்றி எண்பத்து மூண்டு."

"உள்போத்தலுக்கை கிடந்தது நூறுதானே. வழிஞ்சது சேராது."

"வழிஞ்சது ஆரின்ரை தண்ணி? உங்கடை வீட்டுத் தேத்தண்ணியோ?"

சோமசேகரம் குரலைத் தாழ்த்தினார். கரம்பைக்குளத்தின் கட்டு விடியற்காலையில் உடைந்து ஊர் வயலெல்லாம் வெள்ளத்தில் தாண்டு கிடந்தது. போன வருடம் கட்டிய கட்டு. கட்டிய எஞ்சினியர் விடியவே வந்து, குளத்துக்கு மேலே கிடந்த தன் வயலைக் காப்பாற்ற ஊர்க் கமக்காரன் சீவரத்தினம் அதை வெட்டிவிட்டார் என்று பொலிசில் சொல்லிவிட்டாராம். மழை நூறென்றால் கட்டு தாங்கியிருக்கும். சீவரத்தினம் மறியற்சிறைக்குப் போவார். இருநூற்று எண்பதென்றால் வெள்ளம் கட்டை மேவிப் பாய்ந்துதான் உடைத்தது என்றாகும்.

"உங்களுக்கும் சீவரத்தினத்துக்கும் கதைபேச்சு இல்லையே, அண்ணை. பிறகென்ன?"

"உவன் ஒரு பேயன். பத்து வருசமாய் நான் அவன்ரை மூஞ்சையிலை முழிக்கிறேல்லை. அதுக்கு மழை என்ன செய்யும்?"

கொப்பியில் நூறென்று விழுந்ததைக் கந்தப்பு பார்த்துக்கொண்டு நின்றார். மற்ற நாளில் அளந்த தண்ணீரை முற்றத்தில் கவிழ்த்துவிடுவார். அன்று கவிழ்க்கவில்லை. வெறும் சாராயப் போத்தல் ஐந்தைக் கழுவித் துடைத்து, ஒரு சொட்டுச் சிந்தாமல் நிரப்பித் தக்கை அடித்தார். ஐந்தாவது போத்தல் நிரம்பவில்லை.

நாலாம் நாள் பள்ளிக்கூட மண்டபத்தில் விசாரணை. ஓலைப் பைக்குள் போத்தல்கள் கிலுங்கக் கிலுங்கக் கந்தப்பு உள்ளே போனார்.

"என்ன கந்தப்பண்ணை, விசாரணைக்கோ கலியாணவீட்டுக்கோ?" என்று பின்வரிசை வாங்கிலிருந்து ஒருவன் கேட்க, மண்டபம் சிரித்தது.

"உனக்கு ஊத்தமாட்டன், மூடிக்கொண்டு இரு."

போத்தல்களை விசாரணை அதிகாரியின் மேசையில் வரிசையாக வைத்தார். "அண்டைக்கு இரவு பெய்த மழை. இருநூற்றி எண்பத்து மூண்டு. அளந்து பாருங்கோ."

எஞ்சினியர் சிரித்தார். "கிணத்திலை அள்ளியிருப்பார், சேர்."

"இந்த ஊர்க் கிணறெல்லாம் உவர். குடிச்சுப் பாரும்."

"அப்ப கூரைத் தண்ணி."

"கிடுகுக் கூரைத் தண்ணி சாயம் மாதிரி வரும். உமக்குக் கண் தெரியாதோ?"

எஞ்சினியர் கதிரையைப் பின்னுக்கு இழுத்தார். அதிகாரி ஒரு போத்தலைத் திறந்து, அண்ணாந்து ஒரு மிடறு குடித்தார். வாய்க்குள் வைத்துக் கொஞ்சம் யோசித்துவிட்டு விழுங்கினார்.

"மழைத் தண்ணிதான். அளந்து காட்டுங்கோ."

சோமசேகரம் பதிவுக் கொப்பியோடு கொண்டுவந்திருந்த அளவுக் குழாயில் ஊற்றினார். ஒவ்வொரு குழாய்க்கும் சனம் உரத்து எண்ணியது. பதினொரு குழாய். பிறகு ஆறு கோடு.

"பாத்தியளோ, சேர்!" எஞ்சினியர் துள்ளி எழும்பினார். "இருநூற்றி எண்பத்தொண்டு. இரண்டு குறையுது. உந்தாளின்ரை அளவை எப்பிடி நம்புறது?"

முன்வரிசை வாங்கில் இருந்த சீவரத்தினத்தின் முகம் செத்துப்போயிற்று. கந்தப்பு அதிகாரியின் வயிற்றை நேரே பார்த்துக் கையை நீட்டினார்.

"அந்த இரண்டும் உதுக்குள்ளை போயிட்டுது. ஐயா குடிச்ச மிடறையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கோ."

அதிகாரி மீசையைத் துடைத்தார். பிறகு கொப்பியைச் சோமசேகரத்தின் பக்கம் தள்ளினார்.

"நூறை வெட்டிப்போட்டு இருநூற்றி எண்பத்து மூண்டெண்டு எழுதும்."

சோமசேகரம் எழுதி முடிக்கும்வரை கந்தப்பு அவருடைய தோளோடு குனிந்து நின்றார்.

"முதல் இரண்டை வடிவாய் எழுதும், தம்பி. பிறகு ஒண்டெண்டு வாசிப்பாங்கள்."