ஒன்பது கடிதங்கள்

அமைச்சர்கள் ஒன்பது பேர், ஆளுக்கொரு ராஜினாமாக் கடிதத்தோடு பிரதமர் அம்மாவின் அறைக்குள் நுழைந்தார்கள். "நீங்க விலகணும்மா. இல்லேன்னா நாங்க விலகறோம்," என்றார் நிதியமைச்சர், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு.

"எதுக்குங்க ஒன்பது லெட்டர்? என்னோடது ஒண்ணு போதும். நான் போனா மந்திரிசபையே கூண்டோட போயிடும்." அம்மா பேனாவைத் திறந்தார். செயலாளரான நான், கோப்பிலிருந்து அந்த ஒற்றைத் தாளை எடுத்து அவர் முன் வைத்தேன்.

சிவப்பு விளக்குக் கார் பறிபோகும் நினைப்பிலேயே பாதிப் பேருக்கு முகம் தொங்கிவிட்டது. ஒன்பது கடிதங்களும் சட்டைப்பைக்குள் திரும்பிப் போயின.

வராந்தாவில் நிதியமைச்சர் என்னை மடக்கினார். "நெஜமாவே கையெழுத்துப் போட்டிருப்பாங்களா?"

தாளை விரித்துக் காட்டினேன். கையெழுத்து பதவியேற்ற அன்றே போட்டாகிவிட்டது. தேதிதான் பாக்கி.