நீலக்கல் உறுப்பினரின் மைல்கள்

மனிதகுலம் நெருப்பைக் கண்டதற்கும் சக்கரத்தை உருட்டியதற்கும் அடுத்தபடியாக வரலாற்றில் இடம்பெற வேண்டிய அறிவிப்பு ஒன்றை, போலார் கிரெஸ்ட் விமான நிறுவனம் பிப்ரவரி மாதத்து முதல் திங்கட்கிழமையன்று, தன் மதிப்பிற்கும் என்றென்றைக்குமான போற்றுதலுக்கும் உரிய உறுப்பினர்கள் அனைவருக்கும் மின்னஞ்சலில் அனுப்பியது: இதுநாள்வரை பறந்து பறந்து சேர்த்த மைல்களைக் கொடுத்து, இனி முடிவெட்டிக்கொள்ளவும் மளிகை வாங்கவும் வாடகைக் காரில் போகலாம். மறுநாள் காலை, மின்னசோட்டா மாநிலத்து ரிச்ஃபீல்டு ஊரில், டுவேன் ஹால்வர்சன் முடிவெட்டும் கடைக்குப் போக அழைத்த கார், அவர் வீட்டு வாசலிலிருந்து கிளம்பி, தெருமுனை திரும்புவதற்குள் தரையைவிட்டு எழும்பி, மொட்டை மரங்களைத் தாண்டி மேகத்துக்குள் போனது. அவருக்குக் காது அடைத்தது. சற்று நேரத்தில் கடை வாசலில் இறங்கியது. முடிவெட்டும் கூலி அன்று இருபத்திரண்டு டாலர்; ஓய்வுபெற்றவர்களுக்கு இரண்டு டாலர் தள்ளுபடி.

பணம் கொடுத்துப் போகிறவர்களின் கார் வழக்கம்போல ரோட்டில் போய் சிக்னலில் நின்றது. மைல் கொடுத்துப் போகிறவர்களின் கார் மட்டும்தான் எழும்பியது. அந்த மைல்கள் ஆகாயத்தில் சம்பாதித்தவை, அவற்றுக்குத் தரைவழி பழக்கமில்லை என்று விமான நிலையத்து அதிகாரி ஒருவர் சொன்னார்; அதற்குமேல் யாரும் விளக்கம் கேட்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் தலைகீழாக நடந்து போனாலும் இந்த ஊர்க்காரர்கள் ‘இன்னிக்குக் குளிர் கொஞ்சம் தேவலை’ என்றுதான் பேச்சைத் தொடங்குவார்கள். நகரசபை கூடி, ஆகாயத்தில் போகும் கார்கள் முகப்பு விளக்கைப் போட்டுக்கொள்ள வேண்டும் என்று ஒரு விதி போட்டுவிட்டு, குப்பை வண்டி விவகாரத்துக்குப் போய்விட்டது. ஆட்சேபம் தெரிவித்தவர் லைல் பிராண்ட்வோல்ட் ஒருவர்தான். போலார் கிரெஸ்டில் இரண்டு தலைமுறைக் காலம் பறந்த நீலக்கல் வகுப்பு உறுப்பினர் அவர். சாதாரண மாணிக்க வகுப்பு உறுப்பினரின் காரும் தன்னுடைய காரும் ஒரே உயரத்தில் பறப்பதா என்று கையெழுத்து இயக்கம் நடத்தினார். நிறுவனம் வருத்தம் தெரிவித்து, நீலக்கல் உறுப்பினர்களின் கார்களை ஐந்நூறு அடி கூடுதலாக உயர்த்தியது. அந்த உயரத்தில் காரின் ஹீட்டர் போதவில்லை. லைல் புருவத்தில் உறைபனியோடும் நிமிர்ந்த தலையோடும் சர்ச்சுக்கு வந்து இறங்கினார்.

டுவேனும் நீலக்கல்தான். பல் வைத்தியர்களுக்கு நாற்காலி விற்றே வாழ்நாளைக் கழித்தவர். ஓமாஹா, ஃபார்கோ, பாய்ஸி என்று வாரத்தில் நாலு நாள் ஆகாயத்தில் இருப்பார். பறந்த தூரத்தையெல்லாம் விமான நிறுவனம் அவர் பெயரில் மைலாக வரவு வைத்தது. கல்யாணமான புதிதில் மனைவி மார்லிஸுக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தார்: மைல் சேரட்டும், இரண்டு பேரும் முன்வரிசையில் உட்கார்ந்து ஹவாய் போகலாம். மைல் சேர்ந்தது. சேர்ந்து முடிகிற சமயம் பார்த்து நிறுவனம் ஹவாய்க்கான மைல் கணக்கை உயர்த்தியது. டுவேன் மேலும் பறந்தார்; நிறுவனம் மேலும் உயர்த்தியது. பின்வரிசையில் போகலாமே என்று மார்லிஸ் ஒரு தடவை சொன்னபோது, நீலக்கல் உறுப்பினர் மைல் கொடுத்துப் பின்வரிசையில் உட்காருவதா என்று சிரித்தார். மார்லிஸ் கடைசிவரை விமானத்தில் ஏறியதே இல்லை. பிள்ளைகள் படிப்பு முடித்துப் போன வருஷம், அவள் தன் காரில் துணிமணிகளை ஏற்றிக்கொண்டு மேற்கே ஸ்போக்கேனில் இருக்கும் அக்காள் வீட்டுக்கு ஓட்டிப் போனாள். அக்காள் இறந்த பிறகும் திரும்பவில்லை. தையல் துணிக் கடையில் வேலை பார்த்தாள். விவாகரத்துக் காகிதத்தில் இரண்டு பேரும் சண்டையில்லாமல் கையெழுத்துப் போட்டார்கள். மைல்கள் டுவேனுக்கே என்று அதில் எழுதியிருந்தது.

நீலக்கல் இனத்தவருக்கு ஒரு பழக்கம் உண்டு. வருஷக் கடைசியில் வகுப்பைத் தக்கவைத்துக்கொள்ள மைல் குறைந்தால், எங்காவது ஓர் ஊருக்குப் பறந்து, விமான நிலையத்தைவிட்டு வெளியே வராமலே அதே விமானத்தில் திரும்பிவிடுவார்கள். லைல் இப்படி மயாமிக்கு ஏழு தடவை போயும் கடலைப் பார்த்ததில்லை. அதைப் பெருமையாகவே சொல்வார். டுவேன் ஒவ்வொரு டிசம்பரிலும் ஸ்போக்கேனுக்குப் போனார். மைல் குறையாத வருஷத்திலும் போனார். விமானம் இறங்குமுன் நகரத்தைச் சுற்றும்போது, சர்ச்சுக் கோபுரத்துக்குப் பக்கத்தில் மார்லிஸ் இருக்கும் பச்சைக் கூரை போட்ட வீட்டைத் தேடுவார். பிறகு விமானம் ஏறும் ‘கேட்’டில் ஜன்னலோர இருக்கையில் உட்கார்ந்து ஒரு காபி குடித்துவிட்டு, நீலக்கல் உறுப்பினர்களை முதலில் அழைக்கும்போது எழுந்து, முதல் ஆளாகத் திரும்பி ஏறிக்கொள்வார்.

முட்டி மாற்று அறுவைக்குப் பிறகு டுவேன் காரை விற்றுவிட்டதால், வாடகைக் கார்தான் கதி. பெரும்பாலும் வந்தது ஹோதனின் வெள்ளை டொயோட்டா. ஹோதன் சோமாலியாவிலிருந்து வந்து, பனியில் வண்டி ஓட்டக் கற்று, மூன்று பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பிக்கொண்டிருப்பவள். வயதில் மூத்தவரை அவர்கள் வழக்கப்படி சித்தப்பா என்றுதான் கூப்பிடுவாள். மைல்கள் சேர்ந்த வரிசையிலேயே செலவாகின்றன என்பதை முதலில் கவனித்தவள் அவள்தான். எந்த ஊர்மேல் பறந்து சேர்த்த மைலோ, கார் அந்த ஊர்மேல் ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்தது. மருந்துக் கடைக்குப் போகிற வழியில் ஓமாஹா வந்தது.

“சித்தப்பா, இந்த வாரம் மட்டும் ஓமாஹாவ நாலு தடவ பாத்துட்டேன். எங்கம்மா பொறந்த ஊரக்கூட இத்தன தடவ பாத்ததில்ல.”

“எப்படி இருக்கு?”

“தட்டையா இருக்கு. எனக்கு வர்றது என்னமோ மருந்துக் கடைக்குப் போற கூலிதான். மேகத்துக்கு மேல போனதுக்குன்னு ஒரு சென்ட் சேத்துத் தரானா?”

டுவேன் ஜன்னல் வழியாகத் தான் படுத்துத் தூங்கிய விடுதிகளின் கூரைகளை அடையாளம் பார்த்துக்கொண்டே போனார். ஒவ்வொரு ஊரிலும் இரண்டு மூன்று கூரைகள். அவற்றில் எதன் அடியிலும் மார்லிஸ் ஒரு ராத்திரி இருந்ததில்லை. வரிசைப்படி போனால் ஸ்போக்கேன் மைல்களும் ஒருநாள் வந்தாக வேண்டும் என்று ஒரு காலைப்பொழுதில் அவருக்கு உறைத்தது. அன்றுமுதல் முன்னால் கிடக்கும் மைல்களைத் தீர்ப்பதற்காகவே வெளியே கிளம்பினார். நூலகத்துக்குப் போனார், புத்தகம் எடுக்காமல் வந்தார். தக்காளிக்கு ஒரு தடவை, வெங்காயத்துக்கு ஒரு தடவை போனார். வாரத்துக்கு மூன்று முறை முடிவெட்டிக்கொண்டார்.

“உங்க தலையில வெட்ட இன்னும் என்ன சித்தப்பா மிச்சம் இருக்கு?”

“நான் முடிக்காகப் போகல.”

“அது தெரியுது. யாருக்காகன்னுதான் கேக்கறேன்.”

சொன்னார். ஃபார்கோவுக்கு மேலே, புயல் மேகத்துக்குள், எல்லாவற்றையும் சொன்னார். ஹோதன் பொறுமையாகக் கேட்டாள்.

“ஏர்போர்ட்டுலேர்ந்து அவங்க வீடு எவ்ளோ தூரம்?”

“கால் மணி நேரம்.”

“நீங்க எங்க உக்காந்திருந்தீங்க?”

“கேட்டுல.”

“ஒவ்வொரு வருஷமுமா?”

“அதே விமானம் உடனே திரும்பிடும், ஹோதன். விட்டா மைல் கணக்கு உதைக்கும்.”

ஹோதன் குடுவையைத் திறந்து ஏலக்காய்த் தேநீர் ஒரு வாய் குடித்தாள். “எங்க ஊர்ல இந்த மாதிரி ஆளுக்கு ஒரு பேரு இருக்கு. வேணாம். பெரியவரு நீங்க.”

மார்ச் மாதம் ஸ்போக்கேன் வந்தது. அறுபத்தாறாம் தெரு மளிகைக் கடைக்குக் கிளம்பிய கார் மலைகளைத் தாண்டி, ஆற்றைத் தாண்டி, சர்ச்சுக் கோபுரத்தைச் சுற்றித் தணிந்தது. பச்சைக் கூரை தெரிந்தது. வாசலில் சிவப்புத் தொப்பி போட்ட ஒருத்தி குனிந்து பனியை வாரிக்கொண்டிருந்தாள். இடுப்பில் ஒரு கையை ஊன்றி நிமிர்கிற விதத்தைப் பார்த்ததும் டுவேனுக்கு ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. போனை எடுத்தார்.

“மார்லிஸ், நான்தான். மேல பாரு.”

“மேலன்னா எங்க?”

“உன் கூரைக்கு மேல. வெள்ள டொயோட்டா.”

அவள் கண்ணுக்குமேல் கையை வைத்துப் பார்த்தாள். “ஓ. இங்கயும் ரெண்டு மூணு போகுது இப்பல்லாம். எளச்சுட்டியா டுவேன்?”

“கீழேருந்து பாத்தா அப்படித்தான் தெரியும்.”

“சரி, எறங்கி வா. காபி போட்டிருக்கேன்.”

“இது அங்க எறங்காது. மளிகைக் கடையிலதான் எறங்கும்.”

“அப்ப ஒரு சாதா டிக்கெட் எடுத்துட்டு வாயேன். ஊர் உலகம் வர்ற மாதிரி.”

“அந்த டிக்கெட்டுக்கு மைல் சேராது, மார்லிஸ்.”

வாயிலிருந்து வந்த பிறகுதான் அது அவர் காதில் விழுந்தது. கீழே சிவப்புத் தொப்பி போனைக் கோட்டுப் பைக்குள் போட்டது. பிறகு மண்வாரியைச் சுவரில் சாத்திவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தியது. டுவேன் ஹலோ ஹலோ என்றார். ஹோதன் கண்ணாடியில் அவரைப் பார்த்தாள்.

“அந்தப் பேர இப்பச் சொல்லட்டுமா சித்தப்பா?”

அதன் பிறகும் அவர் போனார். ஸ்போக்கேன் மைல்கள் நிறைய இருந்தன. மார்லிஸ் வெளியே வந்தால் அண்ணாந்து பார்ப்பதில்லை. கடைக்குப் போவதையும், திரும்பி வருவதையும், ஐஸில் சறுக்காமல் இருக்கக் காலை அகட்டி நடப்பதையும் அவர் மேலிருந்து பார்த்தார். பனி உருக உருகக் கூரை முழுசாகத் தெரிந்தது. புகைபோக்கிக்குப் பின்னால், வடக்குப் பக்கத்தில், கூரைத் தகடு ஒன்று ஆணி கழன்று காற்றில் தூக்கித் தூக்கி அடித்தது. தரையில் நிற்கும் யாருக்கும் அது தெரிய வழியில்லை. ஒரு வாரம் யோசித்துவிட்டு டுவேன் செய்தி அனுப்பினார்: ‘வடக்குப் பக்கம் தகடு கழண்டிருக்கு.’ கார் மளிகைக் கடையில் இறங்கிய பிறகு பதில் வந்தது: ‘தெரியும். என் கட்டில்மேலதான் ஒழுகுது.’

டுவேன் ரொட்டிக் கடையில் போய் உட்கார்ந்து, போலார் கிரெஸ்டுக்குப் போட்டியான, அவர் வாழ்நாளில் பெயரைக்கூட உச்சரிக்காத மலிவு விமானம் ஒன்றில் டிக்கெட் எடுத்து, வந்து இறங்கும் நேரத்தை மார்லிஸுக்குச் செய்தியாக அனுப்பினார். மார்லிஸ் அவரைவிட்டுப் போன அந்த வருஷத்திலும் டிக்கெட் ஏறக்குறைய அதே விலைதான் இருந்தது. அடுத்த மேஜையிலிருந்து லைல் எட்டிப் பார்த்தார்.

“கடைசி வரிசையா? நடு சீட்டா?”

“ஆமா.”

“நமக்கு ஒரு மைலாவது சேருமா?”

“சேராது.”

“அப்புறம் எதுக்குப் போற?” என்றார் லைல். உண்மையாகவே அவருக்குப் புரியவில்லை.

கடைசியாக ஏற அழைத்த ஒன்பதாவது குழுவில், கழிவறைக் கதவுக்குப் பக்கத்தில், ஒரு குழந்தைக்கும் ஒரு டிரம் வாசிப்பவருக்கும் நடுவே முட்டியை மடக்கிக்கொண்டு டுவேன் ஹால்வர்சன் ஸ்போக்கேன் போனார். இறங்கியதும் கால்கள் பழக்கத்தில் போலார் கிரெஸ்ட் கேட்டுக்கே கூட்டிப்போயின. ஜன்னலோர இருக்கை காலியாக இருந்தது, உட்கார்ந்தார். வீட்டுக்குத் திரும்பும் விமானம் வெளியே நின்றது. நீலக்கல் உறுப்பினர்கள் முதலில் வரலாம் என்று ஒலிபெருக்கி அழைத்தபோது எழுந்துவிட்டார். வரிசையை நோக்கி நாலு எட்டு வைத்தும்விட்டார். அங்கே தரையைத் துடைத்துக்கொண்டிருந்த பெண்மணி வாளியை நகர்த்தி வழிவிட்டாள்.

“மேடம், வெளியே போற வழி எது?” என்று கேட்டார். அவர் குரல் அவருக்கே அந்நியமாக இருந்தது.

“உங்க தலைக்கு மேல போர்டு இருக்கே,” என்றாள் அவள்.

வாசலில் ஏப்ரல் மழை. மார்லிஸ் காரைவிட்டு இறங்காமல் ஜன்னலை இறக்கினாள்.

“சீக்கிரம் ஏறு, இங்க நிறுத்தக் கூடாது. பெட்டி இவ்வளவுதானா?”

“சுத்தியல் கொண்டாந்தேன். ஏர்போர்ட் சோதனையில புடுங்கிட்டாங்க.”

“என்கிட்ட ரெண்டு இருக்கு. திரும்பற டிக்கெட் என்னைக்கு?”

“எடுக்கல.”

மார்லிஸ் அவரைப் பார்த்தாள். பின்னால் ஒருவர் ஹாரன் அடித்தார். “பெல்ட்டப் போடு,” என்றாள்.

கார் தரையிலேயே போனது. முதல் சிக்னலில் நின்றது.