நிப்பட்டுக்கு அடியில்

தேவமணி அந்தக் கப்பல் பயணத்துக்கு வரவே மாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். சியாட்டிலில் வேலை பார்க்கிற மகன் ஸ்டீவ், அப்பா அம்மாவின் முப்பதாவது கல்யாண நாளுக்கென்று அலாஸ்காவுக்கு டிக்கெட் போட்டுவிட்டு தினமும் வீடியோ காலில் கெஞ்சிக்கொண்டிருந்தான். பனிமலை, திமிங்கலம், கரடி என்று படம் படமாக அனுப்பினான்.

"கரடியப் பாக்க அம்மாந்தூரம் வரணுமாடா? தளி ரோட்ல யானையே நடந்து போவுது. பாகலூர்ல பஸ் ஏறுனா பாத்துட்டு சாயங்காலம் வீட்டுக்கு வந்துருவன்" என்று சொல்லி போனை வைத்துவிடுவாள்.

சாப்பாட்டுக்குக் கஷ்டப்படுவார்களே என்று ஸ்டீவ் அவர்களை ஒரு பெங்களூர் டிராவல்ஸ் குழுவோடு சேர்த்திருந்தான். குழுவில் முக்கால்வாசி ஓசூர்க்காரத் தம்பதிகள். டிராவல்ஸ் ஆள் ஹரீஷ்குமார் எல்லோரையும் ஒரு வாட்ஸப் குரூப்பில் போட்டு, அவரவர் போட்டோவோடு அறிமுகம் செய்துகொள்ளச் சொன்னான். அன்றைக்கு சாயங்காலம் தேவமணி ராகி மாவு சலித்துக்கொண்டே போனைத் தள்ளிப் பார்த்தாள். ஒரு போட்டோவில் கை நின்றது. நரைத்த மீசை, நெற்றி ஏறிப் போயிருக்கிறது, தங்க பிரேம் கண்ணாடி. அடியில் 'ராஜ்குமார், பிரியதர்ஷினி, ஓசூர்' என்று இருந்தது.

சல்லடையைக் கீழே வைத்தாள். உள்ளே போய், ஈஸி சேரில் சாய்ந்திருந்த கணவர் சிங்கராயரிடம் சொன்னாள்.

"ஏங்க, போலாம்."

"எங்க?"

"கப்பலுக்குத்தான்."

அவர் ஆச்சரியமாகப் பார்த்தார். அவள் காரணம் சொல்லவில்லை. சொன்னால் அவர் வரமாட்டார்.

ராஜ்குமாரை 'அவர்' என்று எழுதுவதுதான் மரியாதை. ஆனால் தேவமணியின் மனசில் அவன் எப்போதும் 'அவன்'தான். நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம், மரியாதை ஒன்றும் குறைந்துவிடாது.

இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. சிப்காட்டில் வண்டிப் பாகங்கள் செய்கிற ஒரு கம்பெனியில், தகடு வெட்டுகிற பிரஸ் ஷாப்பில் சிங்கராயர் ஆபரேட்டர். அங்கே ஹெச்.ஆர். மேனேஜர் இந்த ராஜ்குமார். பக்கத்து மெஷினில் ஒரு பையனுக்கு மூன்று விரல் போயிற்று. கை உள்ளே போனால் மெஷினை நிறுத்துகிற சென்சார் வேலை செய்யவில்லை என்பது ஷாப்பில் எல்லோருக்கும் தெரியும். 'சென்சார் நல்லாத்தான் இருந்தது, பையன் கவனமில்லாமல் கையை விட்டான்' என்று சாட்சிக் கையெழுத்துப் போடச் சொன்னான் ராஜ்குமார். சிங்கராயர் மாட்டேன் என்றார். சத்தம் போட்டெல்லாம் சொல்லவில்லை. அந்த மனுஷன் சத்தம் போட்டு தேவமணியே கேட்டதில்லை.

அதே வாரம் ஷிப்ட் முடிந்து வெளியே வரும்போது கேட்டில் சோதனை. அவருடைய டிபன் கேரியரைத் திறந்தார்கள். மத்தியானம் காய்ச்சலில் சாப்பிடாமல் மிச்சம் வைத்திருந்த களி உருண்டைக்கு அடியில் ஒரு பேரிங். முந்நூறு பேர் வரிசையில் நிற்கிறார்கள். வேடிக்கை பார்க்கிறார்கள். "சாப்பாடு யாரு கட்டிக் குடுத்தது?" என்று கேட்டான் ராஜ்குமார். "உன் பொண்டாட்டி கட்டினதுதானே? அவளையும் சேத்து ஸ்டேஷனுக்குக் கூப்பிடட்டுமா?" சிங்கராயர், "நான்தான் எடுத்தன்" என்று சொல்லி, அவன் நீட்டிய ராஜினாமாவில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார்.

மறுநாள் கைக்குழந்தையாக இருந்த மகள் ஃபெபாவை இடுப்பில் வைத்துக்கொண்டு தேவமணி கேட்டுக்குப் போனாள். ராஜ்குமார் கார் கண்ணாடியைப் பாதி இறக்கி, "களி கிண்டிக் குடுத்தது நீதானே? உன் பேரையும் எழுதிக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டு ஏற்றிக்கொண்டான். அந்தக் கண்ணாடி ஏறுகிற சத்தம் இன்றைக்கும் அவள் காதை விட்டுப் போகவில்லை.

அப்புறம் ஓசூரில் எந்தக் கம்பெனியும் சிங்கராயரைச் சேர்க்கவில்லை. லோடு ஆட்டோ ஓட்டினார். வெள்ளிக்கிழமையானால் குந்தாரப்பள்ளிச் சந்தைக்கு ஆடு ஏற்றினார். கோயிலில் பூசை முடிந்து நிற்கும்போது பின்னால் குசுகுசு. போன வருஷம் ஃபெபாவுக்கு வந்த நல்ல இடம்கூட, "அவங்கப்பா கம்பெனில திருடி மாட்டினவராமே" என்று நழுவிப் போயிற்று. அந்தப் பேரிங்கைத் தன் கையாலேயே வைத்த செக்யூரிட்டி கிருஷ்ணப்பன், சந்தையில் ஒரு நாள் சிங்கராயரின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஹெச்.ஆர். சொல்லித்தான் வெச்சன்பா, என்னை மன்னிச்சுரு" என்று அழுதான். இவரும் மன்னித்துவிட்டு, டீ வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தார்! வீட்டுக்கு வந்து அதைச் சொன்னபோது தேவமணி ரெண்டு நாள் அவரோடு பேசவில்லை.

இப்போது புரிகிறதா அவள் எதற்காகப் பெட்டி கட்டினாள் என்று?

கப்பல் சியாட்டிலில் கிளம்பியது. முதல் நாள் சாப்பாட்டு மேசையில் ஹரீஷ்குமார் எல்லோரையும் உட்கார வைத்தான். "பன்னி பன்னி, வாங்க, எல்லாம் நம்ம ஊர்க்காரங்கதான்" என்று கன்னடமும் தமிழுமாகச் சொல்லி சிங்கராயரையும் தேவமணியையும் ராஜ்குமாருக்கு நேரெதிரே கொண்டுபோய் உட்கார்த்தினான். ராஜ்குமார் சிரித்துக்கொண்டே கை நீட்டினான்.

"சாருக்கு ஓசூர்ல எங்க?"

"பாகலூர் ரோட்ல" என்றார் சிங்கராயர். முகம் வெளுத்துவிட்டது. ஆனால் கையைக் கொடுத்தார்.

"என்ன பண்றீங்க?"

"லோடு ஆட்டோ வெச்சிருந்தன். இப்ப பையன் வேணாம்னுட்டான்."

"வெரி குட்" என்று சொல்லிவிட்டு சூப்பைக் கலக்க ஆரம்பித்தான் ராஜ்குமார். அவனுக்கு அடையாளமே தெரியவில்லை. ஒரு குடும்பத்தையே குப்புறத் தள்ளிவிட்டு, அந்த முகத்தைக்கூட ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை, பாவி! தேவமணி தட்டைத் தள்ளி வைத்தாள்.

அன்றைக்கு அறைக்கு வந்ததும் சிங்கராயர் கேட்டார்.

"உனக்கு முன்னாடியே தெரியும்தான?"

"தெரியும்."

"வேணாம் மணி. விட்டுரு. கடலப் பாத்துட்டுப் போலாம்."

"நீங்க பாருங்க" என்றாள்.

அவர் பார்த்தார். இரண்டு பக்கமும் கறுப்பாக பைன் மரக் காடு, நடுவில் அசையாத தண்ணீர், மலை உச்சியிலிருந்து நூல் நூலாக இறங்குகிற அருவிகள். குழந்தை மாதிரி பால்கனியில் நின்று ஒவ்வொன்றாகக் காட்டினார். அவள் ம், ம் என்று சொல்லிக்கொண்டே, மேசையிலிருந்து யாருக்கும் தெரியாமல் எடுத்து வந்த கத்திகளை ஒரு பழைய துண்டில் சுற்றிக்கொண்டிருந்தாள். கப்பலின் முத்திரை பொறித்த இறைச்சி வெட்டுகிற கத்திகள், ஐந்து. கரைக்கு இறங்கிப் போகும்போது யாரும் பையைப் பார்ப்பதில்லை, திரும்பி ஏறும்போதுதான் மெஷினில் விட்டுப் பார்க்கிறார்கள் என்பதை அவள் முதல் துறைமுகத்திலேயே கவனித்து வைத்திருந்தாள்.

இதில் ஒரே ஒரு சங்கடம், பிரியதர்ஷினி. ராஜ்குமாரின் மனைவி அப்படி ஒரு வெள்ளை மனசு. "அக்கா, கை விறைச்சிருச்சே உங்களுக்கு" என்று தன்னிடமிருந்த இன்னொரு ஜோடிக் கையுறையைக் கொடுத்தாள். ஊரிலிருந்து ஒரு பெரிய சதுர டப்பா நிறைய நிப்பட்டு சுட்டுக்கொண்டு வந்திருந்தாள். பஸ்ஸிலும் படகிலும் அதைத் திறந்து ஊருக்கே நீட்டினாள். வேர்க்கடலையும் கறிவேப்பிலையும் போட்டு, தட்டை மாதிரி நல்ல மொறுமொறு நிப்பட்டு. அந்த டப்பாவை ராஜ்குமார் தன் கறுப்புப் பையில் வைத்துத் தோளில் மாட்டிக்கொண்டு அலைவான். தேவமணி பார்த்தது அவன் தோளை மட்டும்தான்.

ஜூனோ என்ற ஊரில் இறங்கி, திமிங்கலம் காட்டுகிற சின்னப் படகில் ஏறினார்கள். காற்று முகத்தை அறுத்தது. ஒரு மணி நேரம் ஒன்றுமில்லை. திடீரென்று படகோட்டி கத்தினான். குழு மொத்தமும் எழுந்து வலது பக்கக் கம்பிக்கு ஓடியது. "அய்யோ, வால் பாருங்க, வால்!" என்று பிரியதர்ஷினி கூச்சல் போட்டாள். சிங்கராயர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வாயைப் பிளந்து நின்றார். சீட்டில் கறுப்புப் பை தனியாகக் கிடந்தது.

தேவமணி ஜிப்பை இழுத்தாள். டப்பாவைத் திறந்து, மிச்சமிருந்த நிப்பட்டை ஒதுக்கி, தன் பையில் துண்டில் சுற்றி வந்த ஐந்து கத்திகளையும் அடியில் குறுக்காகப் படுக்க வைத்து, மேலே நிப்பட்டை அடுக்கினாள். முன்பு களிக்கு அடியில் வைத்தார்கள், இப்போது நிப்பட்டுக்கு அடியில். மூடி 'டக்'கென்று மூடியது. அவள் எழுந்து கம்பிக்கு வந்தபோது தண்ணீரில் வட்டம் மட்டும்தான் இருந்தது.

"பாத்தியா மணி?" என்று சிங்கராயர் கண் கலங்கக் கேட்டார்.

"பாத்தன்" என்றாள்.

சாயங்காலம் கப்பல் வாசலில் வரிசை. இவர்களுக்கு முன்னால் ராஜ்குமாரும் பிரியதர்ஷினியும். அவன் மாட்டப்போகிற நொடியை தேவமணி ஓசூரிலிருந்து கற்பனை செய்துகொண்டு வந்திருக்கிறாள். முந்நூறு பேர் இல்லாவிட்டால் என்ன, ஓசூர்க்காரர்கள் இருக்கிறார்களே, ஊர் முழுக்கப் போய்ச் சொல்ல அவர்கள் போதாதா?

மெஷினுக்குப் பக்கத்தில் வந்ததும் ராஜ்குமார் கப்பலை வீடியோ எடுக்க போனைத் தூக்கினான். "இதைப் புடி" என்று பையைக் கழற்றி மனைவி தோளில் மாட்டிவிட்டான்.

கூப்பிட்டுத் தடுக்க தேவமணிக்கு வாய் வரவில்லை. பை உள்ளே போனது. மெஷின் நின்றது. அதிகாரி டப்பாவைத் திறந்து, கையுறை போட்ட கையால் நிப்பட்டை ஒதுக்கி, கத்திகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தார். ஒவ்வொன்றிலும் கப்பல் முத்திரை. இது யாருடைய பை என்று கேட்டார்.

பிரியதர்ஷினி புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, ஒரு அடி பின்னால் நகர்ந்து, சுத்தமான இங்கிலீஷில் சொன்னான்: பை என் மனைவியுடையது. டப்பாவைக் கட்டினதும் அவள்தான். எனக்கு எதுவும் தெரியாது.

ஒரே ஒரு தடவைதான் கேட்டார்கள். மிரட்டக்கூட இல்லை.

அதிகாரி பிரியதர்ஷினியின் முழங்கையைத் தொட்டு ஓரமாக நிற்கச் சொன்னார். வரிசை மொத்தமும் பார்த்தது. தேவமணிக்குப் பக்கத்தில் சிங்கராயர் மெல்லக் கேட்டார்.

"நீதான?"

அவள் தலையசைத்தாள். அவர் தொப்பியைக் கழற்றினார். வலது காலை எடுத்து முன்னால் வைத்தார்.

அடுத்த நொடி தேவமணி அவரை இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடினாள்.

"ஹரீஷ் தம்பி! அந்த ஆபீசர்கிட்ட சொல்லு. கத்திய வெச்சது நான். அந்தப் பொண்ணுக்கு ஒண்ணுந் தெரியாது. படகுல எல்லாரும் திமிங்கலம் பாத்தப்ப நான்தான் வெச்சன்."

ஹரீஷ்குமார் திருதிருவென்று முழித்தான். "ஆன்ட்டி, ஏன் ஆன்ட்டி?"

"ஏன்னா?" தேவமணி ராஜ்குமார் பக்கம் திரும்பினாள். குரல் கிறீச்சிட்டது, அவள் கவலைப்படவில்லை. "இவன் ஹெச்.ஆரா இருந்தப்ப, என் புருஷன் டிபன் கேரியர்ல களிக்கு அடியில பேரிங்க வெக்கச் சொன்னான். மூணு வெரல் போன பையனுக்கு எதிரா பொய்க் கையெழுத்துப் போடலன்னு! திருடன்னு பட்டங்கட்டி முந்நூறு பேருக்கு முன்னாடி நிக்க வெச்சான். வெச்ச ஆளே எங்ககிட்ட அழுதுட்டுச் சொன்னான். அன்னிக்கு என் புருஷன்கிட்டயும் இதே கேள்விதான் கேட்டான், கட்டிக் குடுத்தது உன் பொண்டாட்டிதானேன்னு. என் புருஷன் என் பேரச் சொல்லல. திருடன்னு பேர் வாங்கிட்டு வெளிய வந்தாரு, என் பேரச் சொல்லல! உன்னை ஒரு வாட்டி கேட்டாங்க. ஒரே வாட்டி. பொண்டாட்டியக் கை காட்டிட்டு தள்ளி நிக்கற. த்தூ!"

ராஜ்குமார் அப்போதுதான் சிங்கராயரின் முகத்தைச் சரியாகப் பார்த்தான். அடையாளம் தெரிந்துவிட்டது. அது அவன் கண்ணில் தெரிந்தபோது தேவமணிக்கு நெஞ்சு குளிர்ந்தது. பொய் சொல்வானேன், நன்றாகக் குளிர்ந்தது.

"நிஜமா?" என்றாள் பிரியதர்ஷினி.

"அதெல்லாம் கம்பெனி விஷயம். உனக்கு எதுக்கு?"

"இப்ப நான்தான் கட்டினன்னு சொன்னீங்களே, அதுவும் கம்பெனி விஷயமா?"

அவள் டப்பாவை எடுத்து மூடினாள். போகிறபோது தேவமணியிடம் நின்றாள். "உங்களுக்குக் கையுறை குடுத்தன்க்கா" என்று மட்டும் சொன்னாள்.

பாதுகாப்பு அறையில் அவளைப் படம் பிடித்து, எச்சரிக்கை எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். மீதி ஊர்களில் அவள் கீழே இறங்கக் கூடாது. வெளியே வந்தபோது சிங்கராயர் நடைபாதை பெஞ்சில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஏன் மணி அப்படி ஓடுன? நான் சொல்லிருப்பன்ல, நான்தான் வெச்சன்னு."

"தெரியும்" என்றாள் தேவமணி. "நீங்க காலை எடுத்து வெச்சதப் பாத்துட்டுதான் ஓடுனன். இன்னொரு வாட்டி எனக்காக நீங்க திருடனா நிக்கறதுக்கா நான் இவ்ளோ தூரம் வந்தன்?"