வலது பக்க மட்கார்டு

அந்த வீட்டில் ஒழுங்காகக் கார் ஓட்டத் தெரிந்த ஒரே ஆள் தான்தான் என்று கணக்கு வாத்தியார் உறுதியாக நம்பினார். அதற்குச் சாட்சியாக அவர் காட்டுவது கேட்டின் இடது பக்கத் தூணை. போன வருஷம் அவருடைய மனைவி காரை உள்ளே திருப்பும்போது அந்தத் தூணில் உரசி, முன்சக்கரத்துக்கு மேல் வரும் மட்கார்டை மூன்றாகப் பிளந்துவிட்டாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே வாத்தியார் ஒரு டப்பா சிவப்புப் பெயிண்ட் வாங்கிவந்து தூணில் பட்டை பட்டையாக அடித்தார். வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "அது எங்க வீட்டம்மாவுக்காக" என்று விளக்கமும் சொன்னார். மனுஷனுக்கு அதில் அப்படியொரு சந்தோஷம்.

முதல் மாதம் அவளும் கூடச் சேர்ந்து சிரித்தாள். பிறகு சிரிப்பதை விட்டாள். அதற்குப் பிறகு கார் சாவியைத் தொடுவதையே விட்டாள். பல்செட் செய்யும் லேபில் அவளுக்கு வேலை. இரண்டு பஸ் மாறிப் போய்வர ஆரம்பித்தாள். "எனக்குக் கை வரலைங்க. இனிமே நீங்களே ஓட்டுங்க" என்று அவள் சொன்னபோது வாத்தியார் சாவியை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

கார் மஞ்சள் நிறம், இரண்டே சீட், தரையோடு தரையாகப் போகும் பழைய ஸ்போர்ட்ஸ் கார். கல்யாணமான புதிதில் இருவரும் ஆசைப்பட்டு வாங்கியது. அதன் உடம்பு தகரம் இல்லை, ஃபைபர்கிளாஸ். இடித்தால் நசுங்காது, உடையும். உடைந்தால் புதிதாக வார்த்த பாகத்தை வரவழைத்து, சட்டத்தின் மேல் பசை போட்டு ஒட்டவேண்டும். ஒர்க்‌ஷாப்காரர் ஒரு வருஷம் கழித்து வந்து சேர்ந்த புது மட்கார்டை வைத்துப் பார்த்துவிட்டு, "இது வேற காருக்குச் செஞ்சது, பொருந்தாது" என்று கையை விரித்தார். அவள் அதைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

"என் வேலையில மட்டும் எது பொருந்தி வருது? வாய்க்குத் தகுந்த மாதிரி நாமதான் தேய்க்கணும்" என்றாள்.

மட்கார்டு ஜோடியாகத்தான் வந்திருந்தது, இடதும் வலதும். அந்த இரண்டாவது பெட்டியைப் பார்த்ததிலிருந்து வாத்தியாருக்கு இருப்புக்கொள்ளவில்லை.

விஷயம் இதுதான். மூன்று வருஷத்துக்கு முன்னால் அவள் தன் தங்கையின் பிரசவத்துக்கு உதவிக்குப் போயிருந்த பத்து நாளில், வாத்தியாரும் அதே கேட்டில் காரை இடித்தார். இவர் இடித்தது வலது பக்கத் தூணில். ஒர்க்‌ஷாப்புக்குப் போனால் ஊருக்கே தெரிந்துவிடும் என்று பயந்து, வீட்டு மேஜையில் அவள் வைத்திருந்த பல்செட் பொடியையும் அதைக் கரைக்கும் திரவத்தையும் எடுத்துக் குழைத்து, விரிசலின் உட்புறம் அப்பிவிட்டார். வெளியே கொஞ்சம் பட்டியும் மஞ்சள் பெயிண்டும். தூணில் விழுந்த காயத்தை மறைக்கச் சுற்றுச்சுவர் முழுக்க வெள்ளையடித்தார். ஊரிலிருந்து வந்த மனைவி, "சொல்லாமலே வேலை செஞ்சிருக்கீங்களே" என்று மனசு நிறைந்து பாராட்டினாள். அதையும் வாங்கி வைத்துக்கொண்டார், வேண்டாம் என்று சொல்லவில்லை.

பல்செட் பொடி ஈறு நிறத்தில் இருக்கும். அப்பட்டமான ரோஸ். மஞ்சள் காரின் வயிற்றுக்குள் ஒரு உள்ளங்கை அகலத்துக்கு அந்த ரோஸ் மூன்று வருஷமாக உட்கார்ந்திருந்தது. மட்கார்டைக் கழற்றாதவரை யார் கண்ணிலும் படாது.

சனிக்கிழமை காலையில் வேலை ஆரம்பித்தது. கூடச் சேர்ந்து தூக்கிப் பிடிக்க அவளுடைய தம்பி வந்திருந்தான். லிஃப்ட் மெக்கானிக். நாள் முழுக்க மாடிக்கு மாடி மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுக்கிற வேலை என்பதால் எதற்கும் பதறமாட்டான். அவனும் வாத்தியாரும் இடது பக்க மட்கார்டை ஆளுக்கொரு முனையாகத் தூக்கிச் சட்டத்தின் மேல் வைத்தார்கள். கதவுப் பக்கம் விரலே நுழையும் அளவுக்கு இடைவெளி. விளக்குப் பக்கம் முட்டிக்கொண்டு நின்றது.

அவள் லேபிலிருந்து கொண்டுவந்த நீலத் தாளைக் கிழித்து நடுவில் செருகினாள். பல் டாக்டர் கடித்துப் பார்க்கச் சொல்லிக் கொடுக்கும் தாள். "இப்போ அழுத்துங்க. எடுங்க." எங்கெங்கே இடிக்கிறதோ அங்கெல்லாம் மட்கார்டின் உட்புறத்தில் நீலப் பொட்டு விழுந்திருந்தது. பொட்டு விழுந்த இடத்தை மட்டும் அரத்தால் இழைத்தாள். மறுபடி வைத்தார்கள், மறுபடி எடுத்தார்கள்.

"அக்கா, இது கார் மாதிரியே தெரியலையே. வாய் பெரிய பேஷன்ட் ஒருத்தர் மல்லாந்து படுத்திருக்கிற மாதிரி இருக்கு" என்றான் தம்பி.

"பேஷன்ட் பேசமாட்டாரு. அதுவே நிம்மதி."

ஏழாவது தடவை மட்கார்டு 'டக்' என்று உட்கார்ந்தது. கதவுக்கும் அதற்கும் நடுவே மேலிருந்து கீழ்வரை ஒரே சீராக நாலு மில்லிமீட்டர். வாத்தியார் ஸ்கேலை வைத்து மூன்று இடத்தில் அளந்தார். குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. இருபது நிமிஷத்தில் இறுகிவிடும் பசையைக் குழைத்து, பதறாமல் போட்டு, கவ்விகளை மாட்டி முடித்தாள். இப்படி ஒரு கையை வைத்துக்கொண்டா கை வரவில்லை என்கிறாள் என்று அவருக்கே உறுத்தியது.

"சரி, அடுத்து வலது பக்கம்" என்றாள்.

"அது நல்லாத்தானே இருக்கு?" என்றார் வாத்தியார், கொஞ்சம் வேகமாக.

"முடி மாதிரி விரிசல் ஓடுது பாருங்க."

"அது வெயில். அதுவுமில்லாம அது கம்பெனியில போட்டது. ஒரிஜினல். ஒரிஜினலைக் கழற்றினா காருக்கு மதிப்பு போச்சு."

"மாமாவுக்குத் திடீர்னு சரித்திரத்துல ஆர்வம் வந்துடுச்சு" என்றான் மச்சினன்.

வாத்தியார் வரிசையாகச் சால்ஜாப்பு சொன்னார். மழை வரும் போலிருக்கிறது. போல்ட் துருப்பிடித்திருக்கும். இடது பக்கப் பசை இறுகும்வரை காரை அசைக்கக்கூடாது. அவள் ஒன்றுக்கும் மறுப்புச் சொல்லாமல், "முதல்ல சாப்பிட்டு வந்துடலாம்" என்றாள். இவருக்குப் பசிக்கவில்லையாம், காவலுக்கு இருக்கிறாராம். நிறுத்தி வைத்த காருக்கு என்ன காவல் என்று யாரும் கேட்கவில்லை.

அவர்கள் உள்ளே போனதும் வாத்தியார் மல்லாந்து படுத்து, சக்கரத்துக்கு மேலிருந்த உள்தடுப்பின் நாலு ஸ்க்ரூவையும் கழற்றினார். தோள்வரை கையை உள்ளே விட்டு, அவளுடைய சுரண்டு கத்தியால் ரோஸைச் சுரண்ட ஆரம்பித்தார். அது பெயருமா? முப்பது வருஷம் மென்று தின்றாலும் தேயக்கூடாது என்று தயாரித்த சாமான் அது. கால் மணி நேரம் சுரண்டியதில் பொடிதான் உதிர்ந்தது, அதுவும் முகத்தில். ஃபைபர்கிளாஸ் தூள் சட்டைக் கைக்குள் போய் அரிக்க, சொறியவும் முடியாமல் கையை எடுக்கவும் முடியாமல் கிடந்தார்.

"மாமா மாட்டிக்கிட்டாரு. எத்தனாவது மாடி?" என்று மச்சினனின் குரல் கேட்டது.

அவள் குனிந்து பார்த்தாள். அவர் கன்னத்திலிருந்த பொடியை ஒரு விரலால் தொட்டு, கட்டை விரலோடு சேர்த்துத் தேய்த்தாள். ஒரு நாளைக்கு நாற்பது ஈறு செய்கிறவளுக்கு அதற்குமேல் என்ன வேண்டும்? டார்ச்சை வாங்கி உள்ளே அடித்தாள். வெகுநேரம் அடித்தாள்.

"பொடி ஜாஸ்தி. குழைக்கும்போது காத்தை வெளியேத்தவே இல்லை. ஓட்டை ஓட்டையா இருக்கு" என்றாள். பிறகு, "எப்போ?"

வாத்தியார் படுத்தபடியே சொன்னார். பிரசவம், பத்து நாள், வலது தூண், வெள்ளையடித்தது வரைக்கும் எல்லாம் சொன்னார். கையும் களவுமாகப் பிடிபட்டவருக்கு எழுந்திருக்கத் தோன்றவில்லை. மச்சினன்கூடச் சிரிக்கவில்லை.

"அந்தப் பொடி டப்பா காணலைன்னு நான் வீடு, லேப் முழுக்கத் தேடினேன். ஞாபகமறதி வந்துடுச்சோன்னு பயந்தேன்" என்றாள் அவள். அவள் குரல் உயரவில்லை. "அதுகூடப் போகட்டும். ஒரு வருஷமா பஸ்ல போறேங்க. ஓட்டத் தெரியாதவன்னு நானே என்னை நினைச்சுக்கிட்டேன். நீங்க பார்த்துக்கிட்டே இருந்தீங்க."

"தப்புதான்" என்றார் அவர். "இடிச்சதைச் சொல்லலை. வெட்கமா இருந்துச்சு. நீ இடிச்சதும் எனக்கு நிம்மதியாயிடுச்சு. அது அதைவிடத் தப்பு."

அவள் டார்ச்சை அணைத்தாள். அவருக்கு அழுகை வரும்போல இருந்தது. கணக்கு வாத்தியார் மட்கார்டுக்கு அடியில் படுத்துக்கொண்டு அழுதால் பார்க்க நன்றாக இருக்காது என்று அடக்கிக்கொண்டார்.

வலது பக்கத்தை மறுநாள் காலையில் அவளும் தம்பியுமே பொருத்தினார்கள். வாத்தியாருக்கு உப்புத்தாள் எடுத்துக் கொடுக்கும் வேலை மட்டும் கிடைத்தது. பழைய மட்கார்டு சுவரோரமாகத் தன் ரோஸ் வயிறு தெரியக் கிடந்தது. அவள் அதை அப்புறப்படுத்தச் சொல்லவில்லை. அவருக்கும் கேட்கத் துணிச்சல் இல்லை.

சாயங்காலம் கவ்விகளை எடுத்தார்கள். பெயிண்ட் அடிக்காத புது மட்கார்டுகள் இரண்டும் சாம்பல் நிறத்தில், மஞ்சள் காருக்கு இரவல் கன்னங்கள் வைத்த மாதிரி இருந்தன. பசை தாங்குகிறதா என்று ஓட்டிப் பார்க்கவேண்டும். வாத்தியார் வழக்கம்போல ஓட்டுநர் கதவுப் பக்கம் இரண்டடி எடுத்துவைத்தார். அங்கே அவள் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தாள். பக்கத்து சீட்டில் தம்பி. மூன்றாவது சீட் அந்தக் காரில் கிடையாது.

கார் போய் முக்கால் மணி நேரம் ஆயிற்று. வாத்தியார் கேட்டருகிலேயே நின்றார். முதல் தடவையாக டேப்பைப் பிடித்து இரண்டு தூணுக்கும் நடுவே அளந்தார். காரின் அகலத்தைக் கழித்தால் பக்கத்துக்கு ஒரு சாண்கூட மிச்சமில்லை. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் கழித்தல் சொல்லிக் கொடுப்பவர் இத்தனை வருஷமாக இதைக் கழித்துப் பார்க்கவில்லை.

தெரு முனையில் கார் திரும்பும் சத்தம் கேட்டது. அவள் எப்போது உள்ளே வந்தாலும் அவர் நடுவில் நின்று, "லெஃப்ட், லெஃப்ட், போதும், ஐயோ போதும்" என்று இரண்டு கையையும் ஆட்டுவார். பழக்கதோஷத்தில் கைகள் மேலே எழும்பின. அவர் ஒதுங்கிச் சுவரோடு ஒட்டிக்கொண்டு, இரண்டு கைகளையும் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார். நேற்றைய தூள் இன்னும் முழங்கைவரை அரித்துக்கொண்டிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டாரே தவிர, கையை வெளியே எடுக்கவில்லை.

அவள் வேகத்தைக் கொஞ்சம் குறைத்தாள். அவரைப் பார்க்காமல் தூண்களை மட்டும் பார்த்துக்கொண்டு உள்ளே வந்தாள்.